தலை 43, பூ 57

வணிகப் புள்ளியியல் தாளைக் கண்டு பயப்படாத பி.காம். மாணவர்கள் குறைவு. கணக்கே வேண்டாம் என்றுதான் பலர் வணிகவியல் பக்கம் ஓடி வருகிறார்கள். இங்கேயும் அது துரத்திக்கொண்டு வந்துவிடுகிறது. அந்தத் தாளில் நிகழ்தகவு பாடம் ஆரம்பித்த வாரத்தில் ஒரு வகுப்பில் நடந்த கதை இது.

ஆசிரியர் கொடுத்த வீட்டு வேலை ரொம்பச் சுலபம். ஒரு ரூபாய் நாணயத்தை 100 முறை சுண்ட வேண்டும். தலை எத்தனை, பூ எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். பாடத்தில் சொன்னதோடு ஒப்பிட்டு இரண்டு வரி எழுத வேண்டும். உள்மதிப்பீட்டில் 5 மதிப்பெண். அவ்வளவுதான்.

மறுநாள் நோட்டுகள் மேஜைக்குப் போயின. 60 பேர் வகுப்பு. பாதிப் பேருக்கு மேல் 49, 50, 51 என்றே எழுதியிருந்தார்கள். எத்தனை பேர் நாணயத்தைக் கையில் எடுத்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம்!

கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காரும் ஒரு மாணவி மட்டும் நிஜமாகவே சுண்டியிருந்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, சிங்கம் உள்ள பக்கம் தலை, எண் உள்ள பக்கம் பூ என்று முடிவு செய்துகொண்டு, ஒவ்வொன்றாகச் சுண்டினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டான். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாணயம் இரண்டு முறை பீரோவுக்கு அடியில் ஓடியது. முக்கால் மணி நேரம் கழித்துக் கூட்டிப் பார்த்தால் தலை 43, பூ 57.

அதை அப்படியே எழுதிக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, "லூசாடி நீ? யாராவது ராத்திரி உட்கார்ந்து இதைச் சுண்டுவாங்களா? 50ன்னு போட வேண்டியதுதானே" என்றாள். ஆசிரியரோ நோட்டைப் புரட்டிவிட்டு, "43ஆ? சரியா எண்ணினியாம்மா? வேணும்னா இன்னொரு தடவை செஞ்சு பாரு" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அன்று மாலை பேருந்தில் வரும்போது அவளுக்கு ஒரே யோசனை. தப்பு எங்கே? நாணயத்திலா, கையிலா, தம்பி போட்ட கோட்டிலா? இல்லை, புத்தகத்திலேயேவா?

சரி, அந்தக் கேள்விக்குப் பதில் பார்க்கலாம்.

நிகழ்தகவு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. முதல் வழியில் நாணயத்தைத் தொடவே வேண்டாம். அதற்கு இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் சலுகை கிடைக்கக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆகவே தலைக்கு இரண்டில் ஒரு பங்கு. பகடை என்றால் ஆறு முகம், ஒவ்வொன்றுக்கும் ஆறில் ஒரு பங்கு. இது நாற்காலியில் உட்கார்ந்தபடியே போடும் கணக்கு, அதாவது கோட்பாட்டு நிகழ்தகவு. இரண்டாவது வழியில் கையை வலிக்கவிட வேண்டும். சுண்டு, எண்ணு, வகு. 100 முறையில் 43 தலை என்றால் 0.43. இது சோதனை நிகழ்தகவு.

இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் கோட்பாடே அப்படிச் சொல்லவில்லை. நேர்மையான நாணயத்தை 100 முறை சுண்டினால் மிகச் சரியாக 50 தலை விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால், அது தரும் விடை வெறும் 8 சதவீதம். 49, 50, 51 மூன்றையும் சேர்த்தால்கூட 24 சதவீதத்துக்குள்தான் வருகிறது. 60 பேரும் ஒழுங்காகச் சுண்டியிருந்தால் சுமார் 14 பேருக்குத்தான் அந்த விடைகள் கிடைத்திருக்க வேண்டும். பாதிப் பேருக்கு மேல் கிடைத்தது என்றால் சந்தேகப்பட வேண்டியது 43ஐ அல்ல!

43க்கு வருவோம். 50லிருந்து 7 அல்லது அதற்கு மேல், இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, விலகிப் போகிற வாய்ப்பு சுமார் 19 சதவீதம். ஐந்து பேர் சுண்டினால் ஒருவருக்கு இப்படி நடக்கும். 60 பேரில் பதினொன்று பன்னிரண்டு பேராவது 43க்குக் கீழேயோ 57க்கு மேலேயோ, அல்லது சரியாக அந்த எண்களிலேயோ நின்றிருக்க வேண்டும். அந்த வகுப்பில் அப்படி எழுதியவள் அவள் ஒருத்திதான்.

மனசுக்குள் சுண்டுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று இருக்கிறது. தலை, பூ, பூ, தலை, பூ, தலை என்று கற்பனையில் எழுதிக்கொண்டு போகிறவர்கள் ஒரே பக்கத்தை ஆறு முறை தொடர்ந்து எழுதத் துணிய மாட்டார்கள். பார்ப்பதற்குச் செயற்கையாக இருக்கும் என்று பயம். ஆனால் நிஜமாக 100 முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் ஒரே பக்கம் தொடர்ந்து ஆறு முறையாவது விழுவதற்கு ஏறத்தாழ 80 சதவீத வாய்ப்பு உண்டு. அவள் நோட்டில் ஓரிடத்தில் பூ தொடர்ந்து ஏழு முறை விழுந்திருந்தது. அந்த இடத்தில் தம்பி, "அக்கா, காசு கெட்டுப் போச்சு" என்று கத்தியிருக்கிறான்.

இந்த மாணவி முக்கால் மணி நேரம் சுண்டினாள். உலகத்தில் ஒருவர் இதே வேலையை 10,000 முறை செய்தார். அதையும் போர்க்காலக் காவல் முகாமில் உட்கார்ந்துகொண்டு!

அவர் பெயர் ஜான் கெரிச். தென்னாப்பிரிக்காவில் கணிதம் கற்பித்து வந்தவர். 1940இல் மாமனார் வீட்டாரைப் பார்க்க டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் போயிருந்தார். அங்கிருந்து இங்கிலாந்துக்கு விமானம் ஏற வேண்டும். இரண்டே நாள் பாக்கி. ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மன் படைகள் டென்மார்க்குக்குள் நுழைந்துவிட்டன. பிரிட்டிஷ் குடிமகனான அவர் எதிரி நாட்டுக்காரர் ஆகிவிட்டார். ஜட்லாந்து பகுதியில் ஹால்ட் என்ற ஊரில் இருந்த முகாமில் அவரை வைத்தார்கள். டேனிஷ் அதிகாரிகள் நடத்திய முகாம் என்பதால் கொடுமைகள் இல்லை. ஆனால் வெளியே போகவும் முடியாது. போர் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

வேறொருவராக இருந்தால் சுவரில் நாட்களைக் கோடு போட்டு எண்ணியிருப்பார். கெரிச் நாணயத்தை எண்ணினார். எரிக் கிறிஸ்டென்சன் என்ற சக கைதி துணைக்குச் சேர்ந்துகொண்டார். மொத்தம் 10,000 சுண்டல்கள். அது போதாதென்று நான்கு பிங்பாங் பந்துகளை வைத்து 5,000 முறை எடுத்துப் பார்த்த சோதனை வேறு. அதில் மணிக்கு 400 என்ற வேகம். இதையெல்லாம் தொகுத்து 1946இல் கோபன்ஹேகனில் ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். பிறகு ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தார்.

அவருக்குக் கிடைத்த எண்களைப் பாருங்கள்.

முதல் 10 சுண்டலில் தலை 4.
100 சுண்டலில் 44.
200 சுண்டலில் 98.
500 சுண்டலில் 255.
1,000 சுண்டலில் 502.
5,000 சுண்டலில் 2,533.
10,000 சுண்டலில் 5,067.

முதல் 100இல் 44! பேராசிரியர் ஆகப்போகிறவருக்கே 44 என்றால், உள்மதிப்பீட்டுக்காகச் சுண்டியவளுக்கு 43 விழுந்தது ஒரு குற்றமா?

இந்தப் பட்டியலில் எல்லோரும் கவனிப்பது சதவீதத்தைத்தான். 40, 44, 49, 51, 50.2, 50.66, 50.67. ஆட்டம் அடங்கி 50க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பெரிய எண்களின் விதி என்று சொல்வது இதைத்தான். ஜேக்கப் பெர்னூலி இதை நிரூபித்தார். அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1713இல்தான் அது அச்சில் வந்தது. ஒரு ஜாடியில் 30 வெள்ளை, 20 கறுப்பு என்ற விகிதத்தில் கூழாங்கற்கள் இருந்தால், எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட்டே அந்த விகிதத்தை ஐம்பதில் ஒரு பங்குத் துல்லியத்தில் அறிய எத்தனை முறை எடுக்க வேண்டும்? ஆயிரத்துக்கு ஒன்று என்ற உறுதி வேண்டுமானால் 25,550 முறை என்று கணக்குப் போட்டுச் சொன்னார். இவ்வளவு தேவையில்லை என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் "நிறையச் சுண்டு" என்பதை "எத்தனை முறை சுண்டு" என்று எண்ணாக மாற்றிக் காட்டியவர் பெர்னூலிதான்.

கெரிச்சின் பட்டியலில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். 100 சுண்டலில் பாதியான 50க்கு 6 குறைவு. 1,000இல் பாதியைவிட 2 அதிகம். 5,000இல் 33 அதிகம். 10,000இல் 67 அதிகம். அதாவது விகிதம் பாதியை நெருங்கிக்கொண்டு போகும்போதே, எண்ணிக்கை பாதியை விட்டு விலகிக்கொண்டும் போகலாம்!

வணிகவியல் பாஷையில் சொன்னால் சீக்கிரம் புரியும். இரண்டு பேர் ஒவ்வொரு சுண்டலுக்கும் ஒரு ரூபாய் பந்தயம் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் எப்போதும் தலை, இன்னொருவர் எப்போதும் பூ. கெரிச்சின் 10,000 சுண்டல் முடிந்தபோது தலை 5,067, பூ 4,933. பூ கட்டியவருக்கு 134 ரூபாய் நஷ்டம். 1,000 சுண்டல் முடிந்தபோது அவருடைய நஷ்டம் வெறும் 4 ரூபாய். "போகப் போகச் சராசரி சரியாகிவிடும், விட்டதைப் பிடித்துவிடலாம்" என்று நம்பி உட்கார்ந்திருந்தால் இதுதான் கதி. சராசரி என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, 50.67 சதவீதம். பாக்கெட்தான் காலி.

இதற்குக் காரணம் எளிது. நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது. ஏற்கெனவே தலை அதிகமாக விழுந்துவிட்டது, இனிமேல் பூ போட்டுக் கணக்கை நேர் செய்வோம் என்று அது நினைப்பதில்லை. பழைய வித்தியாசத்தை அது அழிப்பதும் இல்லை. புதிய சுண்டல்கள் குவியக் குவிய, அந்தப் பழைய வித்தியாசம் பெரிய மொத்தத்துக்குள் சிறியதாகத் தெரிகிறது. அவ்வளவுதான். ஐந்நூறு ரூபாய் கடன் அப்படியே இருக்க, சம்பளம் மட்டும் பத்து மடங்கு ஆன மாதிரி.

எவ்வளவு விலகலாம் என்பதற்கும் அளவு உண்டு. புள்ளியியல் தாளில் திட்ட விலக்கம் என்று படித்ததுதான் இங்கே உதவிக்கு வருகிறது. 100 சுண்டலுக்குத் திட்ட விலக்கம் 5. 10,000 சுண்டலுக்கு 50. சுண்டல் நூறு மடங்கு கூடினால் விலகல் பத்து மடங்குதான் கூடும், ஏனென்றால் அது வர்க்கமூலத்தோடு போகிறது. கெரிச் 67 விலகினார், 50க்கு எதிரே 67. அந்த மாணவி 7 விலகினாள், 5க்கு எதிரே 7. போட்டுப் பார்த்தால் அவருடையது 1.34, அவளுடையது 1.4. இரண்டுமே ஐந்தில் ஒருவருக்கு நேரக்கூடியதுதான். ஹால்ட் முகாமின் 5,067ம் கூடத்துப் பாயின் 43ம் ஏறக்குறைய ஒரே எடை!

அப்படியானால் எந்த விலகலையும் "தற்செயல்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? முடியாது. எண்ணிக்கை பெரிதாகும்போது தற்செயலுக்கு இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது.

வெல்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 12 பகடைகளை ஒன்றாக 26,306 முறை உருட்டிய கணக்கு ஒன்று உண்டு. 1894இல் கால்டனுக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறிப்பிட்டார். தனித்தனிப் பகடைகளாக எண்ணினால் 3,15,672 வீச்சுகள். 5 அல்லது 6 விழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,05,224 முறை விழுந்திருக்க வேண்டும். விழுந்ததோ 1,06,602. வித்தியாசம் 1,378. இங்கே திட்ட விலக்கம் சுமார் 265தான். ஐந்து மடங்குக்கு மேல் விலகல். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. புள்ளிகளுக்காகக் குழி தோண்டும்போது அதிகக் குழி உள்ள முகம் கொஞ்சம் எடை குறைந்து மேலே வருகிறது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். கார்ல் பியர்சன் 1900இல் கைவர்க்கச் சோதனையை அறிமுகப்படுத்திய கட்டுரையில் இந்தப் பகடைக் கணக்கைத்தான் எடுத்துக்கொண்டார். தேர்வுக்கு முந்தின நாள் பலரை அழவைக்கும் அந்தக் கைவர்க்கச் சோதனைக்கு ஆரம்பத்தில் தீனி போட்டவை இந்தப் பகடைகள்!

நாணயமும் முழுசாகத் தப்பவில்லை. கையால் சுண்டும் நாணயம், சுண்டும்போது எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கமாக விழ லேசாக அதிக வாய்ப்பு உண்டு, சுமார் 51 சதவீதம் என்று பெர்சி டயகோனிஸும் அவருடைய சகாக்களும் 2007இல் இயற்பியல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். ஒரு சதவீத வித்தியாசத்தை நூறு சுண்டலில் பிடிக்க முடியுமா? 2023இல் 48 பேர் சேர்ந்து 3,50,757 முறை சுண்டிப் பார்த்தார்கள். 50.8 சதவீதம் அதே பக்கம் விழுந்தது. தலைக்கும் பூவுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. ஆரம்பித்த பக்கத்துக்கு மட்டும் இந்தச் சின்னச் சலுகை. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு 2024இல் அவர்களுக்குக் கிடைத்தது.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். வீட்டில் பாட்டியோடு தாயம் ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம். இரண்டு கட்டை, ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தம் 16 விதமாக விழலாம். ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம். அதற்கு 2 வழி. ஆக எட்டில் ஒரு பங்கு. ஆனால் எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமல் போகிற வாய்ப்பு 34 சதவீதம். இருபது முறை உருட்டியும் விழாமல் உட்கார்ந்திருக்கும் வாய்ப்புகூட 7 சதவீதம் உண்டு. "அவ கை ராசி அப்படி" என்று சொல்வதற்கு முன்னால் இந்த 7 சதவீதத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

சோழியை எடுத்தால் நிலைமையே வேறு. அதுவும் இரண்டு விதமாகத்தான் விழுகிறது, வாய் மேலே அல்லது முதுகு மேலே. அதற்காகப் பாதிக்குப் பாதி என்று சொல்லிவிட முடியுமா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே. நாற்காலியில் உட்கார்ந்து போடும் கணக்கு இங்கே செல்லாது. போட்டு எண்ணுவது ஒன்றே வழி. "மழை வரும் அல்லது வராது, அதனால் பாதிப் பாதி" என்று சொல்கிறவர்கள் சோழியை நாணயம் என்று நினைக்கிறார்கள்.

வணிக உலகத்தில் பெரும்பாலும் சோழிதான். நாணயம் அபூர்வம். 40 வயதுக்காரர் ஒருவர் அடுத்த வருடம் உயிரோடு இருப்பாரா என்பதற்கு எந்தச் சமச்சீரும் உதவாது. அதற்காகத்தான் 1693இல் எட்மண்ட் ஹாலி, அந்த வால்நட்சத்திர ஹாலியேதான், பிரெஸ்லாவ் நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளை வைத்து ஒரு அட்டவணை போட்டார். எந்த வயதில் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணி, ஆண்டுத்தொகை ஒப்பந்தங்களுக்கு என்ன விலை வைக்கலாம் என்று காட்டினார். இன்றைய ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு அடியில் இருப்பதும் இப்படி எண்ணிய அட்டவணைகள்தான். எண்ணியவர் நடுவில் ஓரிடத்தில் "43 நன்றாக இல்லையே, 50 என்று போடுவோம்" என்று நினைத்திருந்தால் என்ன ஆகும்? யாரோ ஒருவர் தப்பான பிரீமியம் கட்டுவார். அல்லது ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரத்தில் நிதியில் பணம் இருக்காது.

அதனால்தான் அந்த 5 மதிப்பெண் வேலை அவ்வளவு சின்ன வேலை இல்லை. கெரிச் நினைத்திருந்தால் 5,067ஐ 5,003 என்று எழுதியிருக்கலாம். முகாமுக்குள் யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? அவர் எழுதவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பட்டியலைப் பாடப்புத்தகங்களில் எடுத்துப் போடுகிறார்கள்.

மாணவி என்ன செய்தாள்? ஆசிரியர் சொன்னபடி இன்னொரு முறை சுண்டினாள். தம்பி கோடு போட மறுத்துவிட்டதால் அம்மா போட்டார். இந்த முறை தலை 52. தோழிகள், "அப்பாடா, பழைய பக்கத்தைக் கிழிச்சுப் போடு, இதை மட்டும் காட்டு" என்றார்கள். அவள் கிழிக்கவில்லை. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கூட்டினாள். 200 சுண்டல், 95 தலை, 47.5 சதவீதம். கீழே இரண்டு வரி: "கோட்பாட்டின்படி 100. கிடைத்தது 95. இந்த வித்தியாசம் வரக்கூடியதே."

ஆசிரியர் படித்துப் பார்த்துவிட்டு 4 மதிப்பெண் போட்டார். ஒரு மதிப்பெண் எதற்குக் குறைத்தார் என்று அவள் கேட்கவில்லை. 50 என்று எழுதியவர்களுக்கெல்லாம் 5.

உங்கள் பையிலும் ஒரு ரூபாய் நாணயம் இருக்கும். நேரம் கிடைத்தால் 100 முறை சுண்டிப் பாருங்கள். என்ன விழுந்ததோ அதையே எழுதி வையுங்கள்.